பறக்கும் பொறிக்கு வீட்டில் வார்க்கும் மேலுறை

தக்காளி, மிளகாய், கத்தரி நாற்றுக்களை வளர்க்க உதவும் குழித்தட்டை நம் விவசாய அன்பர்கள் நன்கு அறிவார்கள். 98 குழிகள் கொண்ட அத்தட்டு எவ்வாறு செய்யப்படுகிறது என்பதை நினைத்துப் பார்த்தவர் சிலரே இருக்கக்கூடும். மெல்லிய பிளாஸ்டிக் தகடு ஒன்றை அது இளகித் தொய்யும் அளவுக்குச் சூடாக்கி, அச்சின்மீது படியவைத்து, தகட்டுக்கும் அச்சுக்கும் இடையேயுள்ள காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டால், வெளிக்காற்றின் அழுத்தமே தகட்டை அச்சோடு சேர்த்து அழுத்திவிடும். ஆறியபின் எடுத்துப் பார்த்தால் தகடு அச்சின் உருவத்தைப் பெற்றிருக்கும். மிட்டாய்ப் பெட்டியின் உள்தட்டு, மாத்திரை அட்டையின் கொப்புளம், குளிர்பதனப் பெட்டியின் உட்சுவர் ஆகியவையும் இவ்வகையைச் சேர்ந்தவையே.

பெரிய ஆலைகளில் நடைபெறும் இவ்வேலையைச் சிறிய அளவில் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். ட்ரோன் என்று இன்று எல்லோரும் அழைக்கும் பல சுழலி விமானத்தைப் பொழுதுபோக்காகச் செய்து பறக்கவிடும் ஆர்வலர்கள், அதன் மேலுறையை இம்முறையில் தாமே வார்த்துக்கொள்கிறார்கள். நம் அங்கத்தினர் இல்லங்களில் கல்லூரியிலும் பாலிடெக்னிக்கிலும் பயிலும் இளைஞர்களுக்கு இப்பொழுதுபோக்கில் நாட்டம் மிகுந்து வருவதால், அதன் நுட்பங்களை இங்கு விளக்குவது பயனுள்ளதாகும்.

மேலுறையின் அவசியம்

இறக்கையுள்ள விமானம் இயந்திரம் நின்றாலும் சிறிது தூரம் சறுக்கிக்கொண்டு இறங்கும். பல சுழலிக்கு அந்த வசதி இல்லை. நடுவில் அமைந்த கட்டுப்பாட்டுப் பலகை, ஒவ்வொரு மோட்டாரின் வேகத்தையும் வினாடிக்குப் பல நூறு தடவை திருத்தி அமைத்துக்கொண்டே இருப்பதனால்தான் அது நிலைகுலையாமல் நிற்கிறது. அப்பலகையின் இரு கம்பிக்கால்களுக்கு இடையே ஒரு நீர்த்துளி படிந்து மின்னோட்டம் குறுக்கே பாய்ந்தாலும், தரையிறங்கும்போது சிதறிய ஈரமண் இணைப்பொன்றில் அப்பிக்கொண்டாலும், பொறி முழுவதும் சுழலும் விசிறிகளோடு கல்லைப்போல் கீழே விழும். கீழே நிற்பவர் யாராயினும் அவருக்கு ஆபத்து உண்டு. ஆகவே மேலுறையை அழகுக்கான அணியாக மட்டும் கருதுதல் கூடாது.

இப்பொழுதுபோக்கு பரவத் தொடங்கிய காலத்தில், பலகைகளும் கம்பிகளும் வெளியே தெரியும்படியே பொறிகள் பறந்தன. 2006 ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஹோல்கர் புஸ், இங்கோ புஸ்கர் ஆகிய இருவர் தொடங்கிய மைக்ரோகாப்டர் என்னும் முயற்சியும், 2007 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கிறிஸ் ஆண்டர்சன் ஏற்படுத்திய டி.ஐ.ஒய். ட்ரோன்ஸ் என்னும் ஆர்வலர் கூட்டமும் உலகெங்கும் பலரை இதில் ஈடுபடுத்தின. அக்காலத்தில் குறுந்தகடுகளை அடுக்கி விற்கும் வட்ட டப்பாவின் மூடியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டவர்களும், சமையலறைக் கிண்ணத்தைப் பொருத்திக்கொண்டவர்களும் உண்டு. தம் பொறியின் அளவுக்கு ஏற்ற உறை கடையில் கிடைக்காமையே அவர்களைத் தாமே வார்க்கும் முயற்சிக்குத் தூண்டிற்று.

முறையின் பழைமை

தகட்டைச் சூடாக்கி உருவம் கொடுப்பது புதிய கலை அன்று. இரண்டாம் உலக யுத்தத்தின்போது போர் விமானங்களில் விமானியின் தலைக்கு மேலிருந்த கண்ணாடி போன்ற கூடுகள், அக்ரிலிக் தகட்டைச் சூடாக்கி வளைத்தே செய்யப்பட்டன. யுத்தத்திற்குப் பின்னர், மலைகளும் பள்ளத்தாக்குகளும் மேடுபள்ளமாகவே விளங்கும் பிளாஸ்டிக் நிலப்படங்களை அமெரிக்க ராணுவத்தின் வரைபடத் துறை இம்முறையில் தயாரித்தது. 1962 ஆம் ஆண்டில் மாட்டெல் என்னும் பொம்மைக் கம்பெனி, சூடான தட்டு ஒன்றையும் கைப்பம்பு ஒன்றையும் கொண்டு சிறுவர்களே பொம்மைகளை வார்க்கும் சாதனத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சிறுவரும் செய்யத்தக்க அளவுக்கு எளிய தத்துவம் இது என்பதற்கு அதுவே சான்று. எனினும் அச்சாதனம் சிறுவர் கையைச் சுடத்தக்கதாகவும் இருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

தகடுகளின் குணம்

எல்லாப் பிளாஸ்டிக்குகளும் ஒரே தன்மையன அல்ல. நூலின் இனமறிந்து கஞ்சி போடுவதைப்போல, தகட்டின் இனமறிந்து சூடேற்ற வேண்டும். வீட்டில் உபயோகிக்கத் தக்கவை நான்கு.

முதலாவது, உறுதியூட்டிய பாலிஸ்டைரீன். குழித்தட்டுக்களில் பெரும்பாலானவை இதனாலேயே ஆனவை. விலை மலிவு, எளிதில் இளகும், அச்சின் நுணுக்கங்களை நன்றாக ஏற்கும். கத்தியால் கீறி மடக்கினால் கீறிய கோட்டில் ஒடிந்துவிடும் ஆகையால் ஓரம் நறுக்குவதும் சுலபம். ஆயினும் பலமாக மோதினால் உடையும். புதிதாகப் பழகுவோர் இதனையே முதலில் கையாளுதல் உசிதம்.

இரண்டாவது, பெட்ஜி. நல்ல தெளிவுடையது, உள்ளிருக்கும் விளக்குகள் வெளியே தெரியும். மோதினால் நசுங்குமே ஒழிய எளிதில் சிதறாது. சுமார் 80 டிகிரி சென்டிகிரேடில் இளகத் தொடங்கும் இத்தகட்டை 120 முதல் 150 டிகிரிக்குள் வார்த்துவிடலாம். எனவே வீட்டு அடுப்புக்கு மிகவும் ஏற்றது.

மூன்றாவது, ஏ.பி.எஸ். மோட்டார் சைக்கிளின் பக்க உறைகளில் இதனைக் காணலாம். உறுதி மிக்கது, ஆயினும் வார்ப்பதற்கு 150 டிகிரிக்கு மேற்பட்ட சூடு தேவை.

நான்காவது, பாலிகார்பனேட். ரேடியோவினால் இயங்கும் விளையாட்டுக் கார்களின் மேற்கூடு இதனால் ஆனது. நான்கிலும் வலியது இதுவே. ஆனால் இது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். உலர்த்தாமல் சூடாக்கினால் அவ்வீரம் ஆவியாகித் தகடு முழுவதும் குமிழிகள் தோன்றும். சுமார் 120 டிகிரியில் சில மணி நேரம் உலர்த்தி, பின்னர் 175 டிகிரிக்கு மேல் ஏற்றி வார்க்க வேண்டும். கை பழகிய பின்னரே இதனைத் தொடுதல் நலம்.

ஒருபோதும் உபயோகிக்கத் தகாதது பி.வி.சி. அளவு மீறிச் சூடானால் அதிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு என்னும் அமில வாயு வெளிப்படும். நுரையீரலுக்கும் கண்ணுக்கும் அது தீங்கு செய்யும். அருகிலுள்ள இரும்புக் கருவிகளையும் துருப்பிடிக்கச் செய்யும். பழைய பொருள்களிலிருந்து தகடு எடுப்பவர்கள், முக்கோணக் குறிக்குள் இருக்கும் எண்ணைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 1 என்பது பெட், 3 என்பது பி.வி.சி., 6 என்பது பாலிஸ்டைரீன். 7 என்பது மற்ற இனங்கள் யாவற்றுக்கும் பொது. எண் இல்லாத தகட்டை அடுப்பில் வைக்கலாகாது.

அச்சு செய்தல்

வேலையின் பெரும்பகுதி அச்சிலேயே அடங்கியிருக்கிறது. அச்சில் உள்ள ஒவ்வொரு பள்ளமும் கீறலும் உறையில் தெரியும். தெளிவான தகடாயின் இன்னும் நன்றாகவே தெரியும்.

குமிழ் மரம் போன்று ஒரே சீராக இழைக்க வரும் மரம் அச்சுக்கு ஏற்றது. பொறியின் நடுச்சட்டத்தை அளந்து, உள்ளே அமரவேண்டிய பலகைகள், கம்பிகள், ரேடியோ வாங்கி ஆகியவற்றின் உயரத்தையும் கணக்கிட்டு, எல்லாப் பக்கத்திலும் சிறிது இடம் விட்டு அச்சின் வடிவத்தைக் காகிதத்தில் வரைந்துகொள்ள வேண்டும். பின்னர் உளியாலும் அரத்தாலும் உருவாக்கி, உப்புத்தாளால் முதலில் முரடாகவும் பின் நயமாகவும் தேய்த்து, மரத்துளைகளை மக்கு வைத்து அடைத்துவிட வேண்டும். தச்சு வேலை பழகாதவர்கள் களிமண்ணில் உருவம் செய்து, அதிலிருந்து பாரிஸ் சாந்தில் அச்செடுக்கலாம். சாந்து அச்சை நன்றாக உலரவிடாமல் உபயோகித்தால், சூட்டினால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி உறையின்மேல் புள்ளிகள் விழும்.

அச்சு செய்கையில் கவனிக்க வேண்டிய விதிகள் நான்கு உண்டு.

ஒன்று: பக்கங்கள் செங்குத்தாக இருத்தல் ஆகாது. மேலே குறுகியும் கீழே அகன்றும், ஒவ்வொரு பக்கமும் 3 முதல் 5 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். தகடு ஆறும்போது சிறிது சுருங்கி அச்சை இறுகப் பற்றிக்கொள்ளும். சாய்வு இல்லையேல் உறையைக் கிழிக்காமல் கழற்ற முடியாது.

இரண்டு: அடிப்பக்கம் உள்நோக்கிக் குடைந்திருத்தலும் ஆகாது. அப்பள்ளத்தில் தகடு புகுந்து மாட்டிக்கொள்ளும்.

மூன்று: உறைக்கு வேண்டிய உயரத்தைவிட 1 அல்லது 2 சென்டிமீட்டர் உயரமாகவே அச்சைச் செய்தல் வேண்டும். தகடு அடிப்பலகையைத் தொடும் வளைவுப் பகுதி சீராக அமையாது. அதை நறுக்கி எறிந்துவிட்டு மேலுள்ள நேரான பகுதியை மட்டுமே எடுத்துக்கொள்வதற்கு அந்த அதிக உயரம் இடங்கொடுக்கும்.

நான்கு: உயரம், அகலத்தில் பாதிக்கு மேற்படாதிருத்தல் நலம். உயரம் மிகுந்தாலும், மூலைகள் கூர்மையாக இருந்தாலும், மிகுதியான தகடு மூலைகளில் துணி மடிந்ததுபோல் மடிப்பு விழுந்துவிடும். மூலைகளை உருட்டிவிடுவதே இதற்குப் பரிகாரம்.

உறிஞ்சு பெட்டி

ஒட்டுப்பலகையால் காற்றுப் புகாத ஆழமற்ற பெட்டி ஒன்று செய்து, மேற்பலகையில் 2 சென்டிமீட்டருக்கு ஒன்றாகச் சிறு துளைகள் இட வேண்டும். பக்கத்தில் பெரிய துளை ஒன்றிட்டு, வீட்டில் தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் குழாயை அதில் பொருத்த வேண்டும். இணைப்புக்களையெல்லாம் மெழுகாலோ பசைநாடாவாலோ அடைத்துவிட வேண்டும். மேற்பலகையின் நான்கு ஓரங்களிலும் மெல்லிய ரப்பர்ப் பட்டையை ஒட்டினால், தகட்டின் சட்டம் அதன்மேல் அமரும்போது காற்றுக் கசியாது. அச்சின் அடியில் கனத்த அட்டைத் துண்டுகளை வைத்து அதனைச் சற்றே உயர்த்தினால், அதன் அடியிலுள்ள துளைகளும் பயன்படும். அச்சின் மேற்புறத்தில் பள்ளமான இடம் ஏதேனும் இருந்தால், அங்கே 1 மில்லிமீட்டருக்கு மேற்படாத துளையை அடிவரை இட்டுவிட வேண்டும். இல்லையேல் காற்று அங்கே சிக்கிக்கொண்டு பள்ளம் பதியாது.

இத்தகைய சாதாரண இயந்திரத்தின் உறிஞ்சு விசை போதுமா என்னும் ஐயம் எழலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். முழு வெற்றிடத்தின்மேல் காற்று ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ வீதம் அழுத்தும். வீட்டு இயந்திரம் முழு வெற்றிடத்தை உண்டாக்காது. அதில் ஐந்தில் ஒரு பங்கு அளவே உண்டாக்கும் எனக் கொள்வோம். அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 200 கிராம். பக்கத்திற்கு 20 சென்டிமீட்டர் உள்ள சதுரத் தகட்டின் பரப்பு 400 சதுர சென்டிமீட்டர். ஆகவே மொத்த அழுத்தம் 80 கிலோ. வளர்ந்த மனிதர் ஒருவர் தகட்டின்மேல் ஏறி நிற்பதற்கு அது சமம். அதுவும் எல்லா இடத்திலும் ஒரே சீராகப் பரவி நிற்பதாகும். இளகிய தகட்டுக்கு இவ்விசை தாராளமாகப் போதும்.

சூடாக்குதலும் படியவைத்தலும்

தகட்டைவிடச் சிறிது பெரிய இரு மரச் சட்டங்களுக்கு இடையே தகட்டை வைத்து, காகிதக் கிளிப்புக்களால் சுற்றிலும் இறுக்க வேண்டும். மேலே ஒட்டியுள்ள காப்புத் தாளை உரித்துவிட மறக்கலாகாது. சட்டத்தை ரொட்டி சுடும் மின்னடுப்பில் வைத்துக் கதவின் கண்ணாடி வழியே தகட்டைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சமையலுக்கு உபயோகிக்கும் அடுப்பை இதற்குப் பயன்படுத்தாமல், பழைய அடுப்பொன்றை இதற்கெனவே ஒதுக்கிவிடுதல் வேண்டும்.

தகடு தன் நிலையைத் தானே அறிவிக்கும். முதலில் அது அலையலையாக நெளியும். சிறிது நேரத்தில் நெளிவு நீங்கி மேளத்தோல்போல் விறைப்பாகும். அடுத்து நடுவில் மெல்லத் தொய்யும். 25 சென்டிமீட்டர் சட்டத்தில் சுமார் 2 அல்லது 3 சென்டிமீட்டர் தொய்வு கண்டதும் எடுத்துவிட வேண்டும். விறைப்பான நிலையிலேயே எடுத்தால் மூலைகள் பதியா. மிகவும் தொய்யவிட்டால் நடுப்பகுதி மெலிந்து ஓட்டை விழும். அன்றி மடிப்புக்கள் தோன்றும்.

அடுப்பைத் திறக்கும் முன்னரே உறிஞ்சு இயந்திரத்தை ஓடவிட வேண்டும். தகடு ஆறத் தொடங்கச் சில வினாடிகளே ஆகும். எனவே அடுப்புக்கும் பெட்டிக்கும் இடையே ஓர் அடி தூரத்திற்கு மேல் இருத்தல் கூடாது. சட்டத்தை இரு கையாலும் பற்றி, சாயாமல் நேராக அச்சின்மேல் இறக்கி, ரப்பர்ப் பட்டையின்மேல் அழுத்த வேண்டும். ஒரு கணத்தில் தகடு அச்சோடு ஒட்டிக்கொள்ளும். 20 அல்லது 30 வினாடி அப்படியே வைத்திருந்து பின்னர் இயந்திரத்தை நிறுத்தலாம். குழாய் அடைபட்ட நிலையில் இயந்திரத்தை நெடுநேரம் ஓடவிட்டால் அதன் மோட்டார் சூடேறிக் கெடும். அச்சின்மேல் முன்கூட்டியே சிறிது முகப்பவுடரைத் தடவியிருந்தால் உறை எளிதில் கழன்று வரும்.

பின்னர், நறுக்க வேண்டிய கோட்டை உறையைச் சுற்றி ஒரே உயரத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். பென்சிலை ஒரு கட்டையின்மேல் வைத்துப் பிடித்து, உறையைச் சுழற்றினால் கோடு பிசகாது. வளைந்த கத்தரிக்கோலால் வெட்டி, ஓரத்தை நயமான உப்புத்தாளால் தேய்த்துவிட வேண்டும். ஓரத்தில் சிறு வெட்டுக்காயம் நின்றுவிட்டால், மோட்டார்களின் அதிர்ச்சியினால் அங்கிருந்தே விரிசல் ஓடத் தொடங்கும்.

தகடு மெலியும் கணக்கு

தகட்டின் எடை வார்ப்பினால் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை, பரப்புத்தான் விரிகிறது. ஆகவே விரிந்த அளவுக்குத் தகடு மெலிய வேண்டும். அரைக்கோள வடிவான உறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் வாயின் பரப்பைவிட மேற்பரப்பு சரியாக இரண்டு மடங்கு. ஆகவே 1 மில்லிமீட்டர் தகட்டில் வார்த்தால் உறையின் சராசரிக் கனம் அரை மில்லிமீட்டர். அதுவும் எங்கும் ஒன்றுபோல் இராது. அச்சின் உச்சியை முதலில் தொட்ட பகுதி உடனே ஆறிக் கனமாகவே நின்றுவிடும்; பக்கங்களே அதிகம் இழுபட்டு மெலியும். உறை மோதி உடைவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். எனவே கனம் குறைந்த தகட்டைத் தேர்ந்தெடுக்கும் முன் இக்கணக்கைப் போட்டுப் பார்த்தல் வேண்டும்.

எடையையும் இவ்வாறே அறியலாம். 12 சென்டிமீட்டர் விட்டமுள்ள அரைக்கோள உறையின் மேற்பரப்பு சுமார் 226 சதுர சென்டிமீட்டர். அரை மில்லிமீட்டர் கனத்தில் அதன் கனஅளவு 11.3 கன சென்டிமீட்டர். பெட்ஜியின் அடர்த்தி 1.27, ஆகவே எடை 14 கிராமுக்குச் சற்று அதிகம். பாலிஸ்டைரீனின் அடர்த்தி 1.05, அதனால் செய்தால் 12 கிராம்.

பதினான்கு கிராம் அற்பமாகத் தோன்றலாம். இந்தியாவின் 2021 ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள், சுமையையும் சேர்த்து 250 கிராம் வரையுள்ள பொறியை நானோ என்றும், அதற்கு மேல் 2 கிலோ வரையுள்ளதை மைக்ரோ என்றும் வகுத்துள்ளன. 240 கிராம் எடையுள்ள பொறியின்மேல் 14 கிராம் உறையைப் பொருத்தினால், அது ஒரு வகுப்பிலிருந்து மற்றொரு வகுப்பிற்குத் தாவிவிடுகிறது. இரு வகுப்புக்களுக்கும் உரிய கடமைகள் ஒன்றல்ல. அறியாமல் செய்தேன் என்பது சட்டத்தின் முன் சமாதானம் ஆகாது. எனவே உறையைப் பொருத்தியபின் பொறியை மின்கலத்தோடு தராசில் வைத்துப் பார்த்தல் ஒவ்வொருவரின் கடமையாகும். எல்லையில் நிற்கும் பொறிக்குக் கீழ்க்காணும் சீசா முறை பொருத்தமானது.

சீசாவினால் செய்யும் முறை

அடுப்பும் பெட்டியும் இல்லாமலே சிறு உறைகளைச் செய்ய வழியுண்டு. குளிர்பானம் வரும் பிளாஸ்டிக் சீசா பெட் என்னும் பொருளால் ஆனது. 1941 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்னும் இருவர் நூலுக்காகக் கண்டுபிடித்த பொருளே அது. நம் நெசவாளர்கள் கையாளும் பாலியெஸ்டர் நூலும் அச்சீசாவும் ஒரே பொருள் என்பதை அறிந்தால் பலர் வியப்படைவர். 1973 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நத்தானியல் வையெத் என்பவர் அதில் சீசா செய்யும் முறைக்கு உரிமை பெற்றார்.

அளவு மீறிய சூட்டில் பாலியெஸ்டர் துணியைப் பெட்டி போட்டால் அது சுருங்கிவிடுவது தெரிந்ததே. நூலை இழுத்து நீட்டும்போது அதன் மூலக்கூறுகளும் நீண்டு வரிசைப்படுகின்றன. சூடு பட்டதும் அவை பழைய நிலைக்குத் திரும்ப முயல்கின்றன. சீசாவும் அவ்வாறே நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் இழுத்து ஊதப்பட்டது. ஆகவே அதனுள் மர அச்சை நுழைத்து, வெப்பக்காற்று ஊதும் கருவியால் சுற்றிலும் சூடு காட்டினால், சீசா சுருங்கி அச்சை இறுகப் பற்றி அதன் வடிவத்தை அடைந்துவிடும்.

சீசாவின் அடியை வெட்டி எடுத்துவிட்டு, அச்சை அவ்வழியே செலுத்த வேண்டும். அச்சுக்கும் சீசாவுக்கும் இடையே நெருக்கமாக இருத்தல் அவசியம். இடைவெளி அதிகமானால் ஆப்புக் கட்டைகளைச் செருகலாம். கருவியை ஓரிடத்தில் நிறுத்தாமல் சீசாவைச் சுழற்றிக்கொண்டே சூடு காட்ட வேண்டும். அளவு மீறினால் தெளிவான சுவர் பால்போல் வெளுத்து எளிதில் நொறுங்கும் தன்மையை அடையும். சீசாவின் கழுத்து இழுத்து ஊதப்படாத பகுதியாதலால் சுருங்காது. அதனைக் கழித்துவிட வேண்டும்.

துணிக்கும் இதில் இடமுண்டு. தகட்டுக்குப் பதிலாகக் கண்ணாடி இழைத் துணியைப் பிசினில் தோய்த்து அதே அச்சின்மேல் படியவைப்பவர்களும் உளர். சாதா நெசவைவிடச் சாய்வரி நெசவு வளைவுகளில் சுருக்கமின்றிப் படிகிறது என்னும் உண்மையை நெசவாளர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கரியிழைத் துணியை மட்டும் மேலுறைக்கு உபயோகித்தல் ஆகாது. அது மின்சாரத்தைக் கடத்துமாதலால் ரேடியோ அலைகளைத் தடுத்துவிடும். உலோகத்தூள் கலந்த வர்ணத்தையும் இதே காரணத்தால் விலக்க வேண்டும்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

மேலுறையினால் நன்மையோடு தீமையும் விளையக்கூடும். அவற்றுள் முக்கியமானது உயரத்தைப் பற்றியது. பொறி தன் உயரத்தைக் காற்றழுத்தமானியால் அறிகிறது. தரைமட்டத்தருகே 1 பாஸ்கல் அழுத்த வேறுபாடு சுமார் 8 சென்டிமீட்டர் உயர வேறுபாட்டுக்குச் சமம். வினாடிக்கு 10 மீட்டர் வேகமுள்ள காற்று நேராக மோதினால் சுமார் 60 பாஸ்கல் அழுத்தம் உண்டாகும். அவ்வழுத்தம் உறையிலுள்ள துளை வழியே முழுவதும் மானியை அடையுமாயின், பொறி தன் உயரத்தை ஏறக்குறைய 5 மீட்டர் தவறாகக் கணக்கிடும். தென்னையின் மட்டைக்குக் கீழே நிற்பதாக எண்ணியவருக்கு அது மட்டைக்குள்ளேயே புகுந்துவிடும். எனவே காற்று நேரே மோதும் முகப்பில் துளையிடலாகாது. மானியின்மேல் சிறு பஞ்சுத் துண்டை வைத்து மூடுதல் வேண்டும். சிலவகை மானிகள் நேரான வெயிலொளி பட்டாலும் தடுமாறும். தெளிவான உறையாயின் கறுப்புப் பஞ்சை உபயோகிக்க வேண்டும்.

இரண்டாவது வெப்பம். மூடிய உறைக்குள் பலகைகளின் சூடு தங்கிவிடும். கோடை வெயிலில் கறுப்பு உறை இதனை இன்னும் மிகுவிக்கும். வெள்ளை நிறமே நம் நாட்டுக்கு ஏற்றது. அடியில் காற்று வந்து போகப் போதிய இடைவெளி விட வேண்டும். வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் பொறியை விட்டுச் செல்லலாகாது. அச்சுப்பொறியில் அடுக்கடுக்காக வார்க்கும் பி.எல்.ஏ. என்னும் பிளாஸ்டிக் சுமார் 60 டிகிரியிலேயே இளகிவிடும்; தகட்டு உறை அதனினும் தாங்கும் எனினும், உள்ளிருக்கும் லித்தியம் மின்கலம் தாங்காது.

மூன்றாவது திசைகாட்டி. உறையை மாட்டிக் கழற்றக் காந்தத் துண்டுகள் சௌகரியமானவையே. ஆனால் அவை திசைகாட்டியை மயக்கிவிடும். நைலான் திருகாணியோ ரப்பர் வளையமோ உத்தமம். திருகாணி தளராமல் இருக்க இடும் திரவப் பசை பாலிகார்பனேட்டில் பட்டால் விரிசல் உண்டாக்கும் என்பதையும் நினைவில் வைத்தல் நலம்.

நான்காவது விசிறி. உறை சிறிது வளைந்து அசைந்தாலும் விசிறியைத் தொடாதபடி போதிய இடைவெளி இருக்க வேண்டும். விசிறி சுழலும் வட்டத்தின் கீழே உறை நீண்டிருந்தால் கீழிறங்கும் காற்று தடைப்பட்டுத் தூக்கும் சக்தி குறையும்.

மேலுறை பொருத்திய பொறி மழையில் பறக்கத்தக்கது என்று எவரும் எண்ணிவிடலாகாது. பனித்துளி, தூறல், புழுதி, புல் ஆகியவற்றிலிருந்து காப்பதே இதன் பயன். வயலில் மருந்து தெளிக்கும் பெரிய ட்ரோன்களுக்கு இம்முறையைக் கையாளுவதும் தகாது. 2023 நவம்பரில் மத்திய அரசு ஏற்றுக்கொண்ட திட்டத்தின்படி மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கென வகுக்கப்பட்ட 15,000 ட்ரோன்கள் போன்றவை சான்று பெற்ற பொறிகள். அவற்றின் அமைப்பைத் தாமாக மாற்றுதல் முறையன்று.

கைக்கும் கண்ணுக்கும் காப்பு

வேலை செய்யும் இடத்தில் காற்றோட்டம் வேண்டும். தகடு புகைந்தால் உடனே அடுப்பை அணைத்து வெளியேறிவிட வேண்டும். கையுறை கனத்த பருத்தியாகவோ தோலாகவோ இருத்தல் அவசியம். உடையும் பருத்தியாகவே இருக்கட்டும். நைலானும் பாலியெஸ்டரும் சூடு பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். நறுக்கும்போதும் துளையிடும்போதும் கண்ணாடி அணிய வேண்டும். சிறுவர்கள் அருகிருந்து பார்க்கலாம். அடுப்பையும் கத்தியையும் பெரியவரே கையாள வேண்டும்.

ஒரு வார்த்தை

இவ்வேலையில் நாளையும் உழைப்பையும் பெரிதும் வாங்குவது அச்சு ஒன்றே. அச்சு அமைந்தபின் ஒவ்வோர் உறைக்கும் ஒரு துண்டுத் தகடும் சில நிமிஷங்களுமே செலவு. ஒருவர் செதுக்கிய அச்சில் ஊரிலுள்ள பத்து இளைஞர்களும் உறை வார்த்துக்கொள்ளலாம். ஒரே பெட்டியும் ஒரே அடுப்பும் அனைவருக்கும் போதும். உடைந்த உறைக்காக வெளியூரிலிருந்து தபாலில் பொருள் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை.

அன்றியும், தகடு எந்த நிலையில் இளகும், எந்த நிலையில் கெடும், சாய்வு ஏன் வேண்டும், காற்று எவ்வளவு அழுத்தும் என்பவற்றையெல்லாம் கையால் செய்து அறிந்த இளைஞனுக்கு, குழித்தட்டுச் செய்யும் ஆலையும் புரியாத புதிராக இராது. முதலில் மலிவான பாலிஸ்டைரீன் தகட்டில், சிறிய கிண்ணம் ஒன்றை அச்சாகக் கவிழ்த்து இரண்டு மூன்று வார்த்துப் பழகுங்கள். தொய்வின் அளவைக் கண் அறிந்துகொண்டபின் மர அச்சுக்குச் செல்லலாம். உறையைப் பொருத்தியதும் தராசில் நிறுத்துப் பார்த்து, ஆளில்லாத திறந்த வெளியில் இடுப்பளவு உயரத்தில் சில நிமிஷம் நிறுத்திச் சோதித்து, உயரம் பிசகாமல் நிற்கிறது என்று கண்டபின்னரே மேலே செலுத்துங்கள்.